ஓராண்டா, ஈராண்டா, நான்காண்டா? ஆய்வகப் படிப்பும் டயாலிசிஸ் படிப்பும்

ப்ளஸ் டூ முடிவு வந்துவிட்டால் எங்கள் ஆய்வகத்தில் ஒரு கேள்வி தவறாமல் வரும். ரத்தம் கொடுத்துவிட்டு, முழங்கை மடிப்பில் பஞ்சை அழுத்திக்கொண்டே, "தம்பி, நீங்கள் படித்ததையே என் பெண்ணும் படிக்கலாமா? எவ்வளவு கட்ட வேண்டும், எவ்வளவு சம்பளம் வரும்?" என்று யாராவது ஓர் அக்கா கேட்பார். நான் படித்தது டி.எம்.எல்.டி. என்னும் இரண்டாண்டு ஆய்வகப் பட்டயம். அதைக் குறை சொல்ல எனக்கு மனம் வராது. ஆனாலும் கணக்கு என்று உட்கார்ந்தால் என் படிப்பின் பக்கமே பேச முடிவதில்லை.

போட்டியில் இருப்பவை மூன்று: ஓராண்டு டயாலிசிஸ் டெக்னீஷியன் சான்றிதழ், ஈராண்டு டி.எம்.எல்.டி., மூன்றாண்டுப் படிப்பும் ஓராண்டுப் பயிற்சியும் சேர்ந்த பி.எஸ்சி. எம்.எல்.டி. என்னும் ஆய்வகப் பட்டம். ஆறு மாதத்தில் "லேப் டெக்னீஷியன்" ஆக்குகிறோம் என்று பேருந்து நிலையத்தில் ஒட்டியிருக்கும் சுவரொட்டிகளை நான் கணக்கிலேயே சேர்க்கவில்லை.

கட்டணத்தை மட்டும் பார்ப்பதுதான் பெரும்பாலோர் செய்யும் பிழை. படிக்காமல் ஜவுளிக்கடைக்குப் போயிருந்தால் அந்தப் பெண் மாதம் 10,000 ரூபாய் கொண்டுவந்திருப்பாள் என்று வைத்துக்கொள்வோம். படிக்கும் காலத்தில் அதுவும் செலவுதான். தனியார் நிறுவனத்தில் ஓராண்டு டயாலிசிஸுக்குக் கட்டணம் 50,000 என்றால், விட்ட சம்பளம் 1,20,000 சேர்த்து 1,70,000. தனியாரிடம் டி.எம்.எல்.டி. ஆண்டுக்கு 60,000 என்றால், இரண்டு ஆண்டுச் சம்பளமும் சேர்த்து 3,60,000. பி.எஸ்சி.க்குக் கட்டணத்தைத் தொடுவதற்கு முன்பே 4,80,000 போய்விடுகிறது. தொகைகளை உங்கள் ஊருக்கு ஏற்ப மாற்றிக்கொள்ளுங்கள், வரிசை மாறாது.

வரவுக்கு வருவோம். எங்களைப் போன்ற நடுத்தர ஊரில் புதிதாகச் சேரும் டி.எம்.எல்.டி.க்குக் கையில் கிடைப்பது எட்டிலிருந்து பன்னிரண்டாயிரம். தெருவுக்கு ஓர் ஆய்வகம் இருக்கிறது; ஒவ்வோர் ஆண்டும் படித்து வெளியே வருகிறவர்களும் அதற்குக் குறையாமல் இருக்கிறார்கள். டயாலிசிஸில் ஆள் கிடைப்பது கடினம் என்பதால் தொடக்கமே அதைவிட இரண்டு மூவாயிரம் கூடுதலாக இருப்பதைப் பார்க்கிறேன். அதிகச் செலவு செய்தவருக்குக் குறைந்த தொடக்கச் சம்பளம்! தனியாரிடம் முழுக் கட்டணம் கட்டிப் படிக்கும் டி.எம்.எல்.டி.தான் இந்த மூன்றில் நட்டமான பேரம் என்று நான் சொல்வது இதனால்தான்.

அந்தக் கூடுதல் பணம் சும்மா வருவதில்லை. ஆய்வகத்தில் ஊதா மூடிக் குழாயில் ரத்த அணுக்களுக்கு, சாம்பல் மூடிக் குழாயில் சர்க்கரைக்கு என்று எடுத்து, பார்கோடு ஒட்டி வைத்தால் மீதி வேலை பெரும்பாலும் இயந்திரத்தோடு. டயாலிசிஸில் நான்கு மணி நேரமும் ஆள் கண்ணெதிரே இருக்கிறார். வந்ததும் எடை பார்க்க வேண்டும். உடலில் தேங்கிய நீரில் எவ்வளவு எடுப்பது என்பது அதிலிருந்துதான் வரும். கையில் ஃபிஸ்டுலாவை, அதாவது டயாலிசிஸ் ஊசி போடுவதற்காகத் தமனியையும் சிரையையும் அறுவை செய்து இணைத்த இடத்தை, தொட்டால் உள்ளே தேனீக்கூடு அதிர்வதுபோல் இருக்கும். அந்த அதிர்வு இல்லையென்றால் ஊசியை எடுக்காமல் மருத்துவரைக் கூப்பிட வேண்டும். இருந்தால் இரண்டு தடித்த ஊசிகள். நடுவில் ரத்த அழுத்தம் சட்டென்று இறங்கினால் முதலில் கவனிக்க வேண்டியவர் டெக்னீஷியன்தான். வாரத்துக்கு இரண்டு மூன்று முறை வரும் அதே முகங்களில் ஒன்று ஒருநாள் வராமல் போகும். இதைத் தாங்குகிற மனம் உண்டா என்பதைச் சேரும் முன்பே யோசிக்க வேண்டும்.

ஓராண்டுச் சான்றிதழுக்கு எதிராக ஒரு வலுவான வாதம் இருக்கிறது. 2021இல் வந்த தேசிய இணை மற்றும் சுகாதாரத் தொழில்முறையாளர் ஆணையச் சட்டம், இணை சுகாதாரத் தொழில்முறையாளர் என்பவருக்குக் குறைந்தது 2,000 மணி நேரம், இரண்டு முதல் நான்கு ஆண்டுகள் பரவிய பட்டயமோ பட்டமோ வேண்டும் என்கிறது. ஓராண்டுப் படிப்பு அந்தக் கோட்டுக்கு வெளியே நிற்கிறது. இன்று மருத்துவமனைகள் அதை ஏற்று வேலை தருகின்றன என்பது உண்மை. முப்பது ஆண்டு வேலை பார்க்கப்போகிற பெண்ணுக்கு அது போதுமா? அதனால் டயாலிசிஸையே ஈராண்டுப் பட்டயமாகத் தரும் நல்ல இடம் கிடைத்தால் என் கை அங்கேதான் போகும். அது அமையாவிட்டால் அரசு மருத்துவக் கல்லூரியில் டி.எம்.எல்.டி. அங்கே கட்டணம் பெரிய சுமையல்ல. நோயாளிக் கூட்டத்தில் கையும் நன்றாகப் பழகும். வீட்டில் உடனே ஒரு சம்பளம் வந்தாக வேண்டுமென்றால், அரசுக் கல்லூரியின் ஓராண்டு டயாலிசிஸ் சான்றிதழைத் தடுக்க மாட்டேன்.

பி.எஸ்சி.யின் பலன் தாமதமாகத்தான் தெரியும். உள்ளூர் ஆய்வகத்தில் பட்டதாரிக்கும் பட்டயக்காரருக்கும் முதல் சில ஆண்டுகள் சம்பளத்தில் பெரிய வேறுபாடு இல்லை. பெரிய ஆய்வகத்தில் மேற்பார்வையாளர் ஆக வேண்டும், வளைகுடாவுக்குப் போக வேண்டும் என்பவர்களுக்கு அது சரி. வளைகுடா உரிமத்துக்கு உங்கள் சான்றிதழை வழங்கிய இடத்திலேயே கேட்டுச் சரிபார்ப்பார்கள். இரண்டு ஆண்டில் பெயர்ப்பலகை மாறிவிடும் நிறுவனத்தில் படித்திருந்தால் யாரைக் கேட்பது?

அரசுப் பள்ளியில் படித்த பெண் என்றால் இன்னொரு வரவும் உண்டு. 2022இல் தொடங்கிய புதுமைப்பெண் திட்டத்தில் மாதம் 1,000 ரூபாய். இரண்டு ஆண்டுக்கு 24,000. பணத்தைவிட இதில் எனக்குப் பிடித்தது, நிறுவனத்தைச் சோதிக்க இது உதவுவதுதான். "இங்கே படிக்கும் பிள்ளைகளுக்குப் புதுமைப்பெண் பணம் வருகிறதா?" என்று கேளுங்கள். பேச்சை மாற்றினால் அங்கீகாரக் கடிதத்தைக் காட்டச் சொல்லுங்கள்.

அப்புறம், பயிற்சிக்கு எந்த மருத்துவமனைக்கு அனுப்புகிறார்கள் என்று விசாரித்து, ஒருநாள் காலை ஏழு மணிக்கு அங்கே போய் நில்லுங்கள். மாணவர்கள் நரம்பு தேடுகிறார்களா, வெறுமனே டோக்கன் கொடுத்துக்கொண்டிருக்கிறார்களா என்று பத்து நிமிடத்தில் தெரிந்துவிடும்.