செல்ஃப் எடுக்காத கார்: தங்கச்சிமடத்து உப்புக்காற்றில் 11 வருடம்

ராமேஸ்வரம் தீவில் இருக்கிற தங்கச்சிமடத்தில் எங்கள் வீட்டிலிருந்து கடல் கூப்பிடு தூரம்தான். 2014-ல் வாங்கிய பெட்ரோல் கார், இதுவரை 92,000 கிலோமீட்டர் ஓடியிருக்கிறது. எஞ்சினைப் பிரித்ததில்லை. மைலேஜிலும் குறை சொல்ல ஒன்றுமில்லை. அதையெல்லாம் விட்டுவிடுகிறேன். இந்த வண்டியோடு நான் பட்ட பாடெல்லாம் ஒன்றே ஒன்றுதான்: சாவியைத் திருப்பினால் செல்ஃப் எடுக்காது.

முதல் பேட்டரி நாலு வருடம் உழைத்தது. நியாயமான ஆயுசு. இரண்டாவது 2020 கார்த்திகையில் காலை வாரியது. வாடைக்காற்று வீசிய ஒரு காலையில் 'டக்' என்று ஒரு சத்தம், அதோடு சரி. பேட்டரி போச்சு என்றார்கள். மாற்றியதும் ஒரே திருப்பில் கிளம்பியது. பதினான்கு மாதம் கழித்து மறுபடி அதே டக். இன்னொரு பேட்டரி. அதுவும் ஏழே மாதத்தில் டக். அன்றைக்கு அம்மாவை ராமநாதபுரம் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போக வேண்டிய நாள். நாற்பது கிலோமீட்டருக்கு மேல் ஆட்டோவில் போய் வந்தோம். அம்மா ஒன்றும் சொல்லவில்லை, அதுதான் உறுத்தியது.

பக்கத்து வீட்டு அண்ணன் விசைப்படகு எஞ்சின் பார்ப்பவர். சாயங்காலம் வந்து நின்றார். "தம்பி, ஹெட்லைட்டப் போட்டுட்டு செல்ஃப அடிங்க." அடித்தேன். டக். வெளிச்சம் கொஞ்சமும் மங்கவில்லை. "பாத்தீங்களா, பேட்டரி நல்லாத்தான் இருக்கு. கரண்டு போற வழியிலதான் கோளாறு." ஜம்பர் கேபிள் ஒன்றை எடுத்து, ஒரு முனையைப் பேட்டரி மைனஸிலும் மறுமுனையை எஞ்சினில் பெயிண்ட் இல்லாத உலோகத்திலும் கடிக்க வைத்தார். நியூட்ரல், ஹேண்ட் பிரேக் பார்த்துக்கொண்டு சாவியைத் திருப்பினேன். பிடித்துக்கொண்டது.

கியர்பாக்ஸுக்கும் பாடிக்கும் நடுவே போகும் எர்த் ஒயர்தான் குற்றவாளி. செல்ஃப் மோட்டாருக்குப் போன கரண்டு பேட்டரி மைனஸுக்குத் திரும்பும் வழி அது. கழற்றினால் முனையில் பச்சைப் பச்சையாகப் பூத்திருந்தது. ரப்பரை வெட்டிப் பார்த்தபோது உள்ளே ஒரு விரல் நீளத்துக்குச் செம்பு கறுத்துப்போய் நூல் நூலாக உதிர்ந்தது. வெளியிலிருந்து பார்த்தால் ஒரு குறையும் தெரியாது. உப்பு ஈரத்தை இழுத்து வைத்துக்கொள்ளும், செம்பு இழைகளுக்கு நடுவே உள்ளே உள்ளே ஏறும். 1914-ல் திறந்த பழைய பாம்பன் ரயில் பாலத்துக்குக் காலமெல்லாம் பெயிண்ட் அடித்தே மாளவில்லை, என் ஒயர் எம்மாத்திரம்.

அப்புறம்தான் வோல்ட், தடையெல்லாம் அளக்கும் மல்டிமீட்டர் ஒன்று வாங்கினேன். இத்தனை வருடத்தில் வண்டிக்காக நான் செய்த உருப்படியான செலவு அதுதான். ஆனால் அதையும் முதலில் தப்பாகவே பயன்படுத்தினேன். ஒயரின் இரண்டு முனையிலும் வைத்துப் பார்த்தால் 'பீப்' என்று கத்தும், ஒயர் நல்லாத்தான் இருக்கிறது என்று ஏமாந்துபோவோம். ஓர் இழை மிச்சமிருந்தாலும் பீப் வரும். செல்ஃப் மோட்டாரோ சின்ன காரிலேயே நூறு ஆம்பியருக்கு மேல் இழுக்கும். 150 ஆம்பியர் ஓடும்போது வழியில் ஓர் ஓமில் நூறில் ஒரு பங்கு தடை இருந்தாலே ஒன்றரை வோல்ட் அங்கே காணாமல் போய்விடும். அவ்வளவு சின்னத் தடையைச் சாதாரண மீட்டர் ஓம் கணக்கில் காட்டாது. அதனால் வோல்ட்டில் வைத்து, ஒரு முனையைப் பேட்டரி மைனஸிலும் இன்னொன்றை எஞ்சின் உலோகத்திலும் பிடித்துக்கொண்டு, வேறொருவரைச் செல்ஃப் அடிக்கச் சொல்ல வேண்டும். அரை வோல்ட்டைத் தாண்டினால் எர்த்தில் கோளாறு. பழைய ஒயரையே திரும்ப மாட்டி அளந்தபோது என் வண்டியில் 3 வோல்ட்டைத் தாண்டியது.

அப்படியானால் புது பேட்டரி போட்டதும் ஏன் ஓடியது? மாற்றும்போது டெர்மினலைச் சுரண்டித் துடைத்திருப்பார்கள், புது பேட்டரியிலும் கொஞ்சம் தெம்பு கூட இருக்கும். அந்தத் தெம்பு தீரும்வரை நோய் தெரியவில்லை. கடையில் போட்ட பேட்டரியில் தப்பில்லை. ஒருவரும் ஒயரைத் தொட்டுப் பார்க்கவில்லை, அவ்வளவுதான். நானும் சேர்த்துத்தான்.

பேட்டரி நிஜமாகவே வீக்காக இருந்தால் சத்தமே வேறு. டக்டக்டக் என்று விடாமல் அடிக்கும், டாஷ்போர்டு விளக்கெல்லாம் மங்கும். ராத்திரி முழுக்க நின்ற வண்டியில் 12.6 வோல்ட் இருந்தால் முழு சார்ஜ், 12.2 என்றால் பாதிதான். செல்ஃப் நன்றாகச் சுற்றியும் எஞ்சின் பிடிக்கவில்லை என்றால் அது பெட்ரோல், ஸ்பார்க் பக்கத்துச் சமாச்சாரம். அதை நான் மெக்கானிக்கிடம் விட்டுவிடுவேன்.

புது ஒயரைப் பழையதைவிடக் கனமாகப் போட்டோம். ஒயர் முனையில் இருக்கும் வளையம், அதாவது லக், உட்காரும் இடத்தை உப்புத்தாள் போட்டு உலோகம் பளிச்சென்று தெரியும்வரை தேய்த்து, போல்ட்டை இறுக்கி, அதற்குப் பிறகுதான் மேலே கிரீஸ் பூசினோம். வருடத்துக்கு ஒருமுறை, ஐப்பசி மழைக்கு முன்னால், எர்த் இணைப்புகளைக் கழற்றித் துடைப்பது வழக்கமாகிவிட்டது. பேட்டரி டெர்மினலில் வெள்ளையாகப் பூத்தால் வெந்நீரில் சமையல் சோடா கரைத்து ஊற்றினால் நுரைத்துக்கொண்டு போய்விடும். கழற்றும்போது மைனஸ் முதலில், மாட்டும்போது மைனஸ் கடைசியில். விருந்தாளிகளைத் தனுஷ்கோடி, அரிச்சல்முனைக்குக் கூட்டிப்போய் வந்தால் மறுநாளே அடிப்பக்கத்தை நல்ல தண்ணீரில் கழுவிவிடுகிறேன். போர் தண்ணீர் கரிப்பாக இருந்தால் கழுவுவதும் கழுவாததும் ஒன்றுதான்.

2022-ல் நான் சபித்த அதே பேட்டரி இன்றும் ஓடுகிறது. போன வாரம் அளந்தபோது எர்த்தில் 0.2 வோல்ட்தான் விழுந்தது. ஹாரன் மட்டும் இப்போது கோழி கொக்கரிப்பது போல் கத்துகிறது. அங்கேயும் எர்த் போல்ட் பூத்திருக்கும் என்றுதான் நினைக்கிறேன். ஞாயிற்றுக்கிழமை கழற்றிப் பார்க்க வேண்டும்.