அபார்ட்மெண்டுக்கு ஏற்ற நாய் என்று சொல்லி எனக்கு விற்றது: வேலூர்க்காரர்கள் கவனியுங்கள்

சத்துவாச்சாரியில் மூன்றாவது மாடியில் எங்கள் வீடு. இரண்டு பெட்ரூம், சின்ன பால்கனி, தலைக்கு மேலே நேராக மொட்டை மாடி. மகள் மூன்று வருடமாக நாய் கேட்டுக்கொண்டிருந்தாள். போன டிசம்பரில் சரி என்றோம். "அபார்ட்மெண்டுக்கு ஏற்ற பக் குட்டி" என்று ஒரு விளம்பரம் பார்த்துப் போன் செய்தேன். பக் என்றால் சப்பை மூஞ்சியோடு இருக்கும் சின்ன நாய் இனம்.

"அக்கா, இது குரைக்காது, ஓடாது, ஒரு மூலையில படுத்துக்கும். ஃபேன் காத்தே போதும்" என்றார் விற்றவர். வேலூர் வெயில் ஆயிற்றே என்று இரண்டு தடவை கேட்டேன். "இங்கயே பொறந்த குட்டிக்கா, வெயிலுக்குப் பழகிடுச்சு." பகலில் வீட்டில் யார் இருப்பார்கள், எத்தனையாவது மாடி, எதையும் அவர் கேட்கவில்லை. தாய் நாயைப் பார்க்க வரலாமா என்றதற்கு, பண்ணை ரொம்ப தூரம், நானே கொண்டுவந்து தருகிறேன் என்றார். காட்பாடி ரயில் நிலையத்துக்கு வெளியே ஒரு பிளாஸ்டிக் கூடையோடு வந்தார். 60 நாள் குட்டி என்றார். 9,000 ரூபாய். கூடவே ஒரு தடுப்பூசி அட்டை. கென்னல் கிளப் தரும் இனச் சான்றிதழ் தபாலில் வரும் என்றார். அது வரவே இல்லை.

மூன்றாம் நாள் கால்நடை மருத்துவரிடம் தூக்கிக்கொண்டு போனேன். அவர் வாயைத் திறந்து பார்த்தார். "60 நாளா? பால் பல்லே முழுசா வரலியேம்மா. 40 நாள் இருந்தா அதிகம்." ஆனால் அட்டையில் 45-ஆம் நாள் ஊசி போட்டதாகத் தேதி! மருந்துக் குப்பியிலிருந்து உரித்து ஒட்டும் ஸ்டிக்கர், பேட்ச் நம்பரோடு, அட்டையில் இருக்க வேண்டுமாம். எங்கள் அட்டையில் வெறும் ரப்பர் ஸ்டாம்ப்தான். குட்டிகளைத் தாக்கும் பார்வோ வைரஸ் நோய் வந்திருந்தால் குட்டி பிழைப்பது கஷ்டம். எட்டு வாரம் ஆகாத குட்டியை விற்கவே கூடாது என்று 2017-இல் வந்த மத்திய அரசு விதியே சொல்கிறது. எனக்கு அப்போது தெரியாது.

அப்புறம் மூக்கைக் காட்டினார். துளை வட்டமாக இல்லை, நகத்தால் கீறியதுபோல் இரண்டு கோடுகள். "வெயில் காலத்துல கஷ்டப்படும்" என்றார். நான் அதை அவ்வளவு பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை.

மே மாதம், அக்னி நட்சத்திரம். மதியம் இரண்டு மணிக்குக் கரண்ட் போனது. முக்கால் மணி நேரம் இருக்கும். எங்கள் குட்டி லட்டு சமையலறைத் தரையில் நாலு காலையும் பரப்பிப் படுத்திருந்தான். மூச்சு ரம்பம் போட்டு அறுப்பதுபோல் கேட்டது. எச்சில் பசை மாதிரி கட்டியாகத் தொங்கியது. நாக்கு நாவல் பழம் தின்ற நாக்குபோல இருந்தது. வயிற்றிலும் பாதங்களிலும் குழாய்த் தண்ணீரை ஊற்றிக்கொண்டே வாட்ச்மேன் அண்ணனை ஆட்டோ பிடிக்கச் சொன்னேன். ஐஸ் வைக்காமல் சாதாரணத் தண்ணீர் ஊற்றியது நல்லது என்று டாக்டர் பிறகு சொன்னார். அன்று பிழைத்தான்.

நாய்க்கு நம்மைப்போல் உடம்பெல்லாம் வியர்க்காது. நாக்கை நீட்டி மூச்சு வாங்கித்தான் சூட்டை வெளியே தள்ள வேண்டும். பக், ஷிட்சு, பிரெஞ்சு புல்டாக் போன்ற சப்பை மூஞ்சி நாய்களுக்கு அந்த மூச்சுப் பாதையே குறுகல். வேகமாக இழுக்க இழுக்க உள்ளே வீங்கி இன்னும் அடைக்கும். இங்கே பிறந்ததால் மூக்கு அகலமாகிவிடாது. நாய் சின்னது, வீடும் சின்னது, அதனால் பொருந்தும் என்று நானும் கணக்குப் போட்டேன். வேலூரில் முதலில் பார்க்க வேண்டியது மூக்கையும் ரோமத்தையும்தான். நாயின் அளவைக் கடைசியில் பார்க்கலாம்.

அதற்காக நாட்டு இனம் எல்லாமே ஃப்ளாட்டுக்குச் சரி என்றும் சொல்ல மாட்டேன். சிப்பிப்பாறையும் ராஜபாளையமும் வேட்டைக்கு வளர்த்தவை. வெயில் தாங்கும்தான், ஆனால் ஓட இடம் வேண்டும். இரண்டு வேளை நன்றாக நடத்த முடிந்தால், தெருவில் பிறந்த குட்டை ரோம நாட்டுக் குட்டிதான் என் கண்ணுக்குப் பொருத்தம். எங்கள் கீழ் வீட்டில் அப்படி ஒன்று அதே மே மாதத்தை ஈரச் சாக்கில் படுத்தே கழித்தது.

காசு கொடுத்துத்தான் வாங்குவீர்கள் என்றால் தாய் நாயை அதன் இடத்திலேயே போய்ப் பாருங்கள். அது மூச்சு விடும் சத்தத்தை ஐந்து நிமிடம் கேளுங்கள். மாநில விலங்குகள் நல வாரியத்தில் பதிவு செய்த சான்றைக் கேளுங்கள். ரோட்டோரத்தில் கொண்டுவந்து தருகிறேன் என்றால் அந்தப் பேச்சை அங்கேயே விட்டுவிடுங்கள்.

லட்டுவுக்கு மூக்குத் துளையை அகலப்படுத்தும் ஆபரேஷன் ஆகிவிட்டது. மூச்சு பரவாயில்லை. காலை ஐந்தரைக்கு நடை, வெயில் ஏறினால் வெளியே கூட்டிப் போவதே இல்லை. விற்றவரின் நம்பர் இப்போது உபயோகத்தில் இல்லை. போன வாரம் வேறு நம்பரில் அதே விளம்பரம், அதே பிளாஸ்டிக் கூடை, உள்ளே வேறு குட்டி.