ஜெராய் மலையில் ‘சோழன் பாதை’ ஓட்டம் என்று விற்கிறார்கள், பணம் கட்டாதீர்கள். எங்களுக்குப் போனது 1,260 வெள்ளி (ரிங்கிட்)

மலேசியாவின் கெடா மாநிலத்தில் பீடோங், குரூண், மெர்போக், சுங்கை பட்டாணி வட்டாரத்தில் காட்டுப் பாதையில் ஓடுகிறவர்கள் தயவுசெய்து இதை முழுசாகப் படியுங்கள். குனோங் ஜெராய் என்கிற ஜெராய் மலையில் ‘சோழன் பாதை’ என்ற பெயரில் ஓர் ஓட்டப் பேக்கேஜ் விற்பனையில் இருக்கிறது. காட்டுக்குள் போகப் பெர்மிட், மலிம் குனோங் (உரிமம் உள்ள மலை வழிகாட்டி), கைக்கடிகாரத்தில் ஏற்றிக்கொள்ளும் ஜிபிஎஸ் பாதை, காலைப் பசியாறல் எல்லாம் சேர்த்து ஆளுக்கு 210 வெள்ளி. நாங்கள் ஆறு பேர் கட்டினோம். மொத்தம் 1,260 வெள்ளி. பெர்மிட் போலி. மலிம் குனோங் வரவே இல்லை. பாதை என்று கொடுத்தது பாதையே இல்லை. கட்டிய பணத்தில் ஒரு காசு திரும்பவில்லை. இன்னும் ஆத்திரம் அடங்காமல்தான் எழுதுகிறேன், முன்பின் இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள். என்னென்ன கவனிக்க வேண்டும் என்பதைக் கடைசியில் சொல்கிறேன்.

நாங்கள் பீடோங் பக்கத்துத் தோட்டத்து ஆட்கள். வேலை முடிந்து பொழுது சாயும் முன் செம்பனைக்கு நடுவே போகிற செம்மண் சாலையில் ஓடுவோம். லோரித் தடம், மழைத் தண்ணீர் தேங்கிய பள்ளம், மட்டை அடுக்கி வைத்த வரிசை, இதுதான் எங்கள் மைதானம். ஓடும்போது கண்ணை நிமிர்த்தினால் ஜெராய்தான் தெரியும். 1,217 மீட்டர். பக்கத்தில் வேறு மலை கிடையாது, கடலை ஒட்டித் தனியாக நிற்கிறது. அந்தக் காலத்தில் கப்பல்காரர்கள் இதைப் பார்த்துத்தான் கடாரத்துக்குக் கரை பிடித்தார்கள் என்று தமிழ்ப்பள்ளியில் படித்தோம். குரூணிலிருந்து மேலே போகும் தார் ரோட்டில் ஏறியிருக்கிறோம். காட்டுக்குள் ஓடியதில்லை. அது வனக் காப்பகம், கேட்காமல் நுழையக் கூடாது என்று தெரியும். அதனால்தான் முறைப்படி பெர்மிட் எடுத்துத் தருகிற ஆளைத் தேடினோம். சட்டப்படி போக நினைத்தவர்களைத்தான் இப்படி ஏமாற்றியிருக்கிறார்கள்.

ஆறு பேரில் ஒருத்தி மேல் லயத்துப் பெண். பள்ளி இறுதித் தேர்வான எஸ்பிஎம் முடித்துவிட்டு ஒரு கடையில் நிற்கிறாள். அம்மா தோட்டத்தில் உதிரிப் பழம் பொறுக்குகிறார். அந்த 210 வெள்ளியைச் சேர்க்க அவள் என்ன பாடுபட்டாள் என்று எனக்குத் தெரியும்.

மலையேற்றம், படகுச் சவாரி, கூடாரம் போடுவது மாதிரியான வார இறுதி நடவடிக்கைகளை விற்கிற ஓர் இணையத் தளம் இருக்கிறது. பெயர் போடவில்லை. அதில்தான் இந்தப் பேக்கேஜ் இருந்தது. நட்சத்திரம் நிறைய, நல்ல படங்கள், பனி மூடிய பாசி மரம், பாறையில் வழுக்கி இறங்கும் தண்ணீர். முன்பணம் 360 வெள்ளியைத் தளத்திலேயே கட்ட வேண்டும். கட்டினேன். அன்றைக்கே நடத்துநர் வாட்ஸ்அப்பில் வந்துவிட்டான்.

நம்பிக்கை எங்கே வந்தது என்றால் இங்கேதான். அவன் முதலில் பணத்தைப் பற்றிப் பேசவே இல்லை. “அக்கா, வர்றவங்கள்ல யாருக்காவது ஆஸ்துமா இருக்கா?” என்று குரல் பதிவு அனுப்பினான். புதுசாகக் காட்டுக்குள் வருகிறவர் யார், ஷூவுக்கு அடியில் பல் எவ்வளவு ஆழம், கண்ணாடி போட்டவர்கள் இருக்கிறார்களா என்றெல்லாம் விசாரித்தான். அட்டைக்கு உப்பும் புகையிலைத் தண்ணீரும் கொண்டு வரச் சொன்னான். ஆளுக்கு ஒரு விசில், தலையில் கட்டுகிற விளக்கு, பிரம்பு முள் கிழிக்காமல் இருக்க நீளக் காலுறை. எல்லாமே சரியான கேள்விகள், சரியான ஆலோசனை. காட்டைத் தெரிந்தவன் பேசுகிற பேச்சு. அந்த லயத்துப் பெண்ணுக்கு இதுதான் முதல் தடவை என்றதும், “நான் அவங்க பின்னாலேயே வர்றேன்கா, நீங்க கவலைப்படாதீங்க. நானும் தோட்டத்துப் பையன்தான், எங்க ஆத்தா பால்மரம் வெட்டி எங்கள வளத்தவங்க” என்றான். அந்தக் குரல் பதிவை நான் வீட்டில் சத்தமாகப் போட்டுக் காட்டினேன். என் மாமியார் கேட்டுவிட்டு, “நல்ல புள்ளையா இருக்கான்” என்றார். நம்ம ஆள், நம்ம மொழி, நம்ம தோட்டம். இதையெல்லாம் அவன் கணக்குப் போட்டுத்தான் பேசினான் என்று இப்போது நினைத்தால் வயிறு எரிகிறது.

மறுநாள் பெர்மிட் படம் வந்தது. அரசாங்க முத்திரை, கையெழுத்து, எங்கள் ஆறு பேர் பெயர். பெர்மிட்டுக்கும் மலிம் குனோங்குக்கும் தனியாகக் கட்ட வேண்டும், அதைத் தளத்தின் வழியாக வாங்க முடியாது, வன இலாகாவுக்கு நேராகப் போக வேண்டிய பணம் என்று சொல்லி ஒரு வங்கிக் கணக்கு எண் கொடுத்தான். ஒரு தனி ஆள் பெயரில் இருந்த கணக்கு. கேட்டதற்கு, “அவர்தான்கா நம்ம மலிம், லைசென்ஸ் உள்ளவர்” என்றான். 900 வெள்ளி அனுப்பினேன். 360-ம் 900-மாக 1,260 வெள்ளி அப்படித்தான் போனது.

ஓட்டத்துக்கு முந்தின ராத்திரி இன்னொன்று நடந்தது. இதைக் குறித்து வைத்துக்கொள்ளுங்கள். தளத்தில் பணம் கட்டியதும் நமக்கு ஆறு இலக்க எண் ஒன்று வரும். நடத்துநரை நேரில் பார்த்த பிறகு கொடுக்க வேண்டிய எண். “விடியற்காலையில அடிவாரத்துல லைன் கிடைக்காதுக்கா, இப்பவே குடுத்துட்டா நான் பதிஞ்சு வச்சிடுறேன்” என்று கேட்டு வாங்கிக்கொண்டான்.

விடிவதற்குள் அடிவாரத்தில் போய் நின்றோம். இருட்டு, பனி, தவளைச் சத்தம். யாரும் இல்லை. போன் அடித்தால் எடுக்கவில்லை. வெளுத்த பிறகு ஒரு குறுஞ்செய்தி: “அக்கா, டயர் பஞ்சர். நீங்க கிளம்புங்க, பாதை வாட்ச்ல இருக்குல்ல, நான் நடுவுல வந்து சேர்ந்துக்கிறேன்.” மலிம் குனோங் எங்கே என்று கேட்டேன். பதில் இல்லை.

அப்போது வன இலாகா வண்டி ஒன்று ரோந்து வந்தது. வயசான ரேஞ்சர், மலாய்க்காரர், மரியாதையாகப் பேசினார். பெர்மிட்டைக் காட்டினேன். போனை வாங்கி விரலால் பெரிதாக்கிப் பார்த்தார். முத்திரையின் ஓரத்தைக் காட்டினார். அதில் இருந்தது வேறு மாநில வன இலாகாவின் பெயர். தேதி இருந்த இடத்தில் மட்டும் காகிதத்தின் நிறம் ஒரு துளி வெளுப்பாக இருந்தது, எழுத்தும் மற்ற எழுத்தைவிடச் சற்றுத் தடித்து நின்றது. “காக் (அக்கா), இது கெடா பெர்மிட்டே இல்லை” என்றார். சோழன் பாதை என்றதும் தலையை ஆட்டினார். அப்படி ஒரு பாதையை அவர் கேள்விப்பட்டதே இல்லை. பெர்மிட் இல்லாமல் நிரந்தர வனக் காப்பகத்துக்குள் நுழைந்தால் 1984-ஆம் ஆண்டின் தேசிய வனச் சட்டம் 47-ஆவது பிரிவின்படி 10,000 வெள்ளி வரை அபராதம், அல்லது மூன்று வருஷம் வரை ஜெயில், அல்லது இரண்டும். அந்த ஆள் எங்களை அந்தக் குற்றத்துக்குள்தான் “நீங்க கிளம்புங்க” என்று தள்ளிவிட்டான்.

பக்கத்து ஒட்டுக்கடையில் உட்கார்ந்து என் தம்பி அந்தப் பாதைக் கோப்பைப் போனில் திறந்து பார்த்தான். அவன் இந்த விஷயத்தில் கெட்டிக்காரன். ஒருவர் நிஜமாக ஓடிப் பதிவு செய்திருந்தால் ஒவ்வொரு புள்ளிக்கும் மணி, நிமிஷம், வினாடி இருக்கும். இதில் ஒரு புள்ளிக்கும் நேரமே இல்லை. அடர்ந்த மரங்களுக்குக் கீழே ஜிபிஎஸ் தடுமாறும், கோடு நெளிந்து நெளிந்துதான் வரும். இதில் நடுப்பகுதி ரூலர் வைத்துக் கிழித்த மாதிரி நேராகப் போகிறது. அந்த நேர்க்கோடு, உயரக் கோடுகள் ஒன்றோடொன்று ஒட்டி நெருங்கியிருக்கிற இடத்தை வெட்டிக்கொண்டு ஓர் ஆற்றுப் பள்ளத்துக்குள் இறங்குகிறது. உயரக் கோடுகள் அப்படி நெருங்கினால் அது செங்குத்து. யாரோ வீட்டில் உட்கார்ந்து வரைபடத்தில் இழுத்த கோடு. அதை நம்பி முதல் தடவை வருகிற பெண்ணைக் கூட்டிக்கொண்டு உள்ளே போயிருந்தால்?

ஜெராயில் ஆற்றுப் பள்ளம் என்றால் விளையாட்டு இல்லை. 2021 ஆகஸ்ட் 18-ஆம் தேதி ஜெராய் அடிவாரத்து யான் ஊர்ப் பக்கம் நடந்ததை இந்த வட்டாரத்தில் யாரும் மறக்கவில்லை. மலைமேல் கொட்டிய மழை மரத்தையும் பாறையையும் சேற்றையும் வாரிக்கொண்டு தித்தி ஹாயூன் அருவி வழியாக இறங்கியது. ஆறு பேர் உயிர் போனது. மேலே மழை பெய்வது கீழே நிற்கிறவனுக்குத் தெரியாது, தண்ணீர் வந்து சேரும்போதுதான் தெரியும். கடலோரத்தில் தனியாக நிற்கிற மலை, மேகம் வந்து அதில்தான் முட்டுகிறது. அதனால்தான் மழை பலத்தால் உள்ளே விடமாட்டார்கள், அதனால்தான் யார் யார் உள்ளே இருக்கிறார்கள் என்று பெயர் எழுதி வைக்கிறார்கள். போலிப் பெர்மிட்டோடு போனால் நாம் உள்ளே இருப்பதே யாருக்கும் தெரியாது. தேட வரவும் ஆள் இருக்காது. 1,260 வெள்ளி போனதைவிட எனக்கு இதுதான் பொறுக்கவில்லை.

அப்புறம் அலைக்கழிப்பு. முதலில் அவன், “வண்டி ஓட்டிக்கிட்டு இருக்கேன்கா, அப்புறம் பேசுறேன்.” சாயங்காலம், “வன இலாகாவுல குழப்பம் பண்ணிட்டாங்க, வேற தேதி தர்றேன்.” வேறு தேதி வேண்டாம், பணத்தைக் கொடு என்றேன். “மலிமுக்குக் குடுத்தாச்சுக்கா, அவர்கிட்டதான் கேக்கணும்.” மலிமின் நம்பரைக் கேட்டேன். நீல டிக் விழுந்தது, பதில் வரவில்லை. மறுநாள் அவன் படமே மறைந்துவிட்டது. என்னை பிளாக் செய்துவிட்டான். அந்த லயத்துப் பெண் தன் போனிலிருந்து “அண்ணே, என் காச மட்டுமாச்சும் குடுத்துடுங்க” என்று எழுதினாள். அவளையும் பிளாக் செய்தான்.

தளம் அதற்கு மேல். புகார் கொடுத்தால் தானியங்கிப் பதில். மூன்று முதல் ஐந்து வேலை நாள் என்றார்கள். அந்தக் கெடு தாண்டியதும் வேறொருவர் வந்து முதலிலிருந்து எல்லாவற்றையும் சொல்லச் சொன்னார். படம், ரசீது, குரல் பதிவு எல்லாம் மறுபடியும் அனுப்பினேன். கடைசியில் சொன்னது இதுதான்: ஆறு இலக்க எண் பதிவாகியிருப்பதால் நடவடிக்கை ‘நிறைவடைந்தது’, எனவே 360 வெள்ளியைத் திருப்ப முடியாது. 900 வெள்ளி தளத்துக்கு வெளியே போனதால் அதற்கும் தங்களுக்கும் சம்பந்தம் இல்லை. தாங்கள் இடைத்தரகர் மட்டும்தானாம். போலி அரசாங்க முத்திரையைப் படத்தோடு காட்டியும் அதைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. அந்தப் பேக்கேஜை எடுத்துவிட்டார்களா என்று பார்த்தேன். இல்லை, இன்றைக்கும் விற்பனையில் இருக்கிறது. அதனால்தான் உடனே எழுத உட்கார்ந்தேன்.

சரி, கவனிக்க வேண்டியவை. எழுத எழுதக் கோபம் ஏறுகிறது, சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். ஆளை நேரில் பார்க்காமல் அந்த ஆறு இலக்க எண்ணைக் கொடுக்காதீர்கள், என்ன காரணம் சொன்னாலும் சரி. பெர்மிட் படம் வந்தால் பணம் கட்டுமுன் மாவட்ட வன அலுவலகத்துக்குப் போன் போட்டு அந்த எண் சரியா என்று கேளுங்கள். மலிம் குனோங்கின் அட்டையைக் கேளுங்கள், அவரிடமே பேசுங்கள். தனி ஆள் கணக்கு எண் கொடுத்தால் அது மோசடிக் கணக்கா என்று காட்டுகிற போலீஸின் ‘செமாக் மியூல்’ இணையப் பக்கத்தில் போட்டுப் பாருங்கள். பாதைக் கோப்பில் நேரம் இல்லையென்றால் அதை நம்பிக் காட்டுக்குள் போகாதீர்கள். பணம் போய்விட்டது என்று தெரிந்த அந்த நிமிஷமே மோசடிப் புகார் எண்ணான 997-க்கு அழையுங்கள், வங்கிக்கும் சொல்லுங்கள், தாமதிக்கத் தாமதிக்கக் கணக்கில் ஒன்றும் மிஞ்சாது.

போலீஸில் ரிப்போர்ட் கொடுத்துவிட்டேன். தளத்தின் மேல் பயனீட்டாளர் நடுவர் மன்றத்தில் வழக்குப் பதியப் போகிறேன். 5 வெள்ளிதான் கட்டணம், 50,000 வெள்ளி வரை அங்கே கேட்கலாம், வக்கீல் தேவையில்லை. இதே ‘சோழன் பாதை’க்குப் பணம் கட்டி ஏமாந்தவர்கள் வேறு யாராவது இருந்தால் ரசீதையும் குரல் பதிவுகளையும் அழிக்காமல் வைத்திருங்கள், எனக்கு எழுதுங்கள். அடுத்த வாரத்துக்கு முன்பதிவு செய்தவர்கள் இருந்தால் இன்றைக்கே ரத்து செய்யுங்கள், அந்த எண்ணை மட்டும் அவனுக்குக் கொடுத்துவிடாதீர்கள்.