சொந்தமாக ஓஎஸ் எழுத எந்த மொழி: அசெம்ப்ளியா, சி-யா, ரஸ்ட்டா?

ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை மீன்பிடித் தடைக்காலம். பாம்பனில் விசைப்படகுகள் எல்லாம் கரையோரம் நிற்கின்றன, மச்சான் வாசலில் உட்கார்ந்து வலை பொத்துகிறார். அக்கா மகனுக்குக் கல்லூரி விடுமுறை. “மாமா, நானே ஒரு ஓஎஸ், அதான் விண்டோஸ், லினக்ஸ் மாதிரி கணினியை இயக்குற மென்பொருள், எழுதப் போறேன். எந்த மொழியில ஆரம்பிக்க?” என்று கேட்டான். கேட்டதே எனக்குப் பெரிய சந்தோஷம். அவனுக்குச் சொன்னதைத்தான் இங்கே எழுதுகிறேன்.

முதலில் அசெம்ப்ளி, சில்லின் கட்டளைகளையே நேரடியாக எழுதும் மொழி. பழைய பயாஸ் (கணினியைப் போட்டதும் முதலில் ஓடும் நிரல்) முறையில் கணினி வட்டின் முதல் 512 பைட்டை மட்டும் நினைவகத்தில் ஏற்றி ஓட்டும். அந்த இடத்துக்குள் எழுத அசெம்ப்ளியே கைக்கு அடக்கம். முதல் நாளே திரையில் உங்கள் பெயரைப் பார்த்துவிடலாம். ஆனால் கோப்பு முறைமை வரை அதிலேயே போக நினைத்தால் விடுமுறை போதாது. இன்டெல் சில்லுக்கு எழுதியது ஆர்ம் சில்லில் ஓடவும் செய்யாது.

அடுத்தது சி. யூனிக்ஸ் என்ற பழைய ஓஎஸ்-இன் கர்னலை, அதாவது அதன் மையப் பகுதியை, 1973லேயே சி-யில் திருப்பி எழுதிவிட்டார்கள், 1991ல் வந்த லினக்ஸும் சி-தான். அதனால் எங்கே சந்தேகம் வந்தாலும் பார்த்துப் படிக்க நிரல் கிடைக்கும். எம்ஐடி மாணவர்களுக்காக எழுதப்பட்ட எக்ஸ்வி6 கர்னல் பத்தாயிரம் வரிக்குள் அடங்கிவிடுகிறது, முழுவதையும் ஒருவரே வாசித்து முடிக்கலாம். சி-யின் பெரிய பலம் இதுதான் என்பேன்.

ஆனால் ஓஎஸ் எழுதும்போது, சி-யில் திரையில் எழுத்தைக் காட்டும் ப்ரிண்ட்எஃப் கிடையாது. அதைத் தருவதே ஓஎஸ்-ஐ நம்பியிருக்கும் நூலகம்தான், நீங்களோ ஓஎஸ்-ஐயே இனிமேல்தான் எழுதப் போகிறீர்கள். விஜிஏ என்ற பழைய வகைத் திரையில் 80 பத்தி, 25 வரி. ஒவ்வோர் எழுத்துக்கும் ஒரு பைட், அதன் நிறத்துக்கு இன்னொரு பைட். திரைக்கான அந்த 4000 பைட் நினைவகத்தில் நீங்களே எழுத வேண்டும். நினைவகத்தை நகலெடுக்கும் மெம்காப்பி, நிரப்பும் மெம்செட் கூட நீங்கள்தான் தர வேண்டும். சி ஃபங்ஷன் ஓடுவதற்கு முன்னால் ஸ்டாக் (ஃபங்ஷன்கள் தற்காலிகத் தகவலை வைக்கும் நினைவக இடம்) அமைக்க வேண்டும், அதற்குச் சில வரி அசெம்ப்ளி தேவை. அதனால் சி-யை எடுத்தாலும் அசெம்ப்ளியை முழுக்க விட முடியாது.

சி-யில் ஆபத்தும் உண்டு. சுட்டி (பாயின்டர், நினைவக முகவரியைக் காட்டுவது) ஒன்று தவறான இடத்தில் எழுதினால் யாரும் தடுக்க மாட்டார்கள். கணினி காரணம் சொல்லாமல் மறுபடி மறுபடி ரீபூட் ஆகும். நான் இதில் இரண்டு இரவுகளை இழந்திருக்கிறேன். கணினியையே மென்பொருளாக நடித்துக் காட்டும் க்யூஎமு எமுலேட்டரில் இன்டரப்ட் (சிபியு செய்யும் வேலையை இடைமறிக்கும் சைகை) பதிவை எடுத்துப் பார்க்கக் கற்ற பிறகுதான் விடிந்தது.

இந்தத் தவறுகளில் பலவற்றை ரஸ்ட், நிரல் ஓடுவதற்கு முன்பே, கம்பைல் நேரத்திலேயே பிடித்துவிடும். 2022 டிசம்பரில் வந்த லினக்ஸ் 6.1லேயே ரஸ்ட்டுக்கு இடம் கொடுத்துவிட்டார்கள். நல்ல மொழி, எனக்குப் பிடித்த மொழி. ஆனால் ஓனர்ஷிப், பாரோயிங் (ஒரு தகவல் யாருக்குச் சொந்தம், யார் இரவல் வாங்கலாம் என்ற விதிகள்) பழகவே சில வாரம் போகும். வன்பொருளைத் தொடும் இடங்களில் ‘அன்சேஃப்’ (ரஸ்ட்டின் சோதனைகளில் சிலவற்றைத் தளர்த்தும் குறி) போட்டே ஆக வேண்டும். அங்கே என்ன நடக்கிறது என்று புரிய, சி எழுதிய அனுபவம் கைகொடுக்கும். ரஸ்ட் ஏற்கெனவே கைவந்தவர் என்றால் யோசிக்காமல் அதிலேயே தொடங்கலாம்.

ஜிக் என்ற புதிய மொழி இன்னும் 1.0 பதிப்பைத் தொடவில்லை, இப்போதைக்கு வேண்டாம். பைத்தானுக்கு அடியில் அதன் நிரலை ஓட்ட ஒரு ரன்டைம் வேண்டும், அதனால் அதுவும் சரிவராது.

அவனுக்குக் கல்லூரியில் கொஞ்சம் சி தெரியும், ரஸ்ட் தெரியாது. ஆகவே ஒரு வாரம் அசெம்ப்ளி, அப்புறம் முழுக்க சி என்று முடிவு செய்தோம். திரையில் எழுத்து வந்துவிட்டது. இப்போது கீபோர்டு இன்டரப்டில் நிற்கிறான். ஒரு விசை அழுத்தினால் வேலை செய்கிறது, இரண்டாவதற்கு அசைய மறுக்கிறது. இன்டரப்ட் கன்ட்ரோலருக்கு ‘முடிந்தது’ என்று பதில் அனுப்பினாயா என்று கேட்டிருக்கிறேன். அந்தப் பதில் போனால்தான் அடுத்த விசையின் சைகை வரும்.