நோபல் தளத்தின் 2023 இயற்பியல் விளக்கம்: கட்டாயம் இறக்கிப் படிக்க வேண்டிய இலவசப் பிடிஎஃப்

அட்டோசெகண்ட் (ஒரு விநாடியை நூறு கோடியால் வகுத்து, அதை மீண்டும் நூறு கோடியால் வகுத்த நேரம்) ஒளித்துடிப்புகளுக்கு நோபல் பரிசு என்று செய்திகளில் படித்தோம், ஆனால் அந்த ஒளியை எப்படி உண்டாக்குகிறார்கள் என்று கேட்டால் அங்கே பதில் கிடைக்காது. நோபல் பரிசுத் தளத்தில் பொது வாசகர்களுக்காகப் போட்டிருக்கும் பிடிஎஃப்பில் கிடைக்கிறது. காசு கிடையாது, சில பக்கங்கள்தான், சமன்பாட்டைக் காட்டிப் பயமுறுத்துவதும் இல்லை.

இதில் எனக்கு மிகவும் பிடித்தது லேசரும் வாயு அணுவும் சந்திக்கும் அந்த நான்கு கட்டப் படம். முதலில் அணுக்கரு எலக்ட்ரானைப் பிடித்து வைத்திருக்கிறது, பலமான லேசரின் மின்புலம் அந்தப் பிடியை ஒரு பக்கமாக வளைத்ததும் எலக்ட்ரான் தடுப்பை ஊடுருவி நழுவிவிடுகிறது, வெளியே வந்ததை லேசரே முடுக்கி, புலம் திசை மாறியவுடன் கிளம்பிய இடத்துக்கே திரும்ப இழுக்கிறது, அணுவோடு மறுபடி சேரும்போது கூடுதல் ஆற்றல் புற ஊதா ஒளியாக வெளிவருகிறது. இதோடு ஒரு கணக்கையும் வைத்துப் பாருங்கள்: 800 நானோமீட்டர் லேசரின் ஒரு அலைவுக்கு ஏறக்குறைய 2.7 ஃபெம்டோசெகண்ட்தான் (ஒரு ஃபெம்டோசெகண்ட் என்பது ஆயிரம் அட்டோசெகண்ட்), அதற்குள் போய்த் திரும்பிவிடும் எலக்ட்ரான் கொடுக்கும் ஒளி அட்டோசெகண்ட் அளவுக்குச் சுருங்குவது அப்போது இயல்பாகவே புரிந்துவிடும்.

பரிசு பெற்ற மூவரின் வரலாறும் சுருக்கமாக இருக்கிறது. 1987இல் பிரான்ஸில் ஆன் லுயிலியே மந்த வாயுவில் அகச்சிவப்பு லேசரைச் செலுத்தி மேல்சுரங்களை (லேசரின் அதிர்வெண்ணைப் போலப் பல மடங்கு அதிர்வெண் கொண்ட ஒளியலைகளை) கண்டது, 2001இல் பியர் அகொஸ்தினி 250 அட்டோசெகண்ட் துடிப்புகளை வரிசையாக எடுத்தது, வியன்னாவில் ஃபெரன்ஸ் கிராஸ் 650 அட்டோசெகண்டில் ஒற்றைத் துடிப்பைப் பிரித்தது.

குறை என்றால், பயன்கள் பற்றிய கடைசிப் பகுதி ரொம்ப வேகமாக ஓடுகிறது. நியான் அணுவின் கதையை அங்கே நிதானமாகச் சொல்லியிருக்கலாம். 2010இல் அதன் 2எஸ், 2பி என்ற இரு ஆர்பிட்டல்களில் உள்ள எலக்ட்ரான்கள் வெளியேறுவதில் சுமார் 21 அட்டோசெகண்ட் வித்தியாசம் இருப்பதாக அளந்தார்கள், கோட்பாட்டுக் கணக்கு அதோடு ஒத்துப்போகவில்லை, 2017இல் ஸ்வீடனின் லுண்ட் பல்கலைக்கழகத்தில் உள்ள லுயிலியேயின் குழுதான் முந்தைய அளவீட்டில் இன்னொரு நிகழ்வு கலந்திருக்கலாம் என்று காட்டியது. எலக்ட்ரானின் அசைவை இவ்வளவு நுணுக்கமாகச் சண்டைபோட்டுச் சரிபார்க்க முடிகிறது என்பதுதானே இந்தத் துறையின் அழகு!

ஆங்கிலம், ஸ்வீடிஷ் இரண்டில் மட்டும் கிடைப்பதும் வருத்தம்தான். பிளஸ் டூ ஆசிரியர்கள் அந்தப் படத்தை மட்டுமாவது தமிழில் விளக்கி வகுப்பில் காட்டலாம். எம்.எஸ்சி. படிப்பவர்களுக்கு இது போதாது, பக்கத்திலேயே இருக்கும் அறிவியல் பின்னணி ஆவணத்தை எடுங்கள், எலக்ட்ரான் போய்த் திரும்புவதை விளக்கிய இயற்பியலாளர் பால் கார்க்கமின் 1993ஆம் ஆண்டுக் கோட்பாட்டு மாதிரியில் தொடங்கிச் சமன்பாடுகள் வரை அதில் இருக்கின்றன.