ஹெட்லைட்டுக்குள் நீர் கோத்தால்: காய வைப்பதா, பிரித்து ஒட்டுவதா, மாற்றுவதா?

ரங்கூனில் மே மாதம் பிடிக்கிற மழை அக்டோபர் வரை விடாது. வருடத்துக்கு 2,500 மில்லிமீட்டருக்கு மேல் கொட்டும். அதற்கு முன்பே ஏப்ரலில் திஞ்ஞான் என்ற பர்மியப் புத்தாண்டுத் தண்ணீர்த் திருவிழா வந்து, பீய்ச்சுகிற தண்ணீரெல்லாம் நேராக லைட்டின் விளிம்பில்தான் அடிக்கும். ஜப்பானில் ஓடிக் களைத்து இங்கே வந்த டொயோட்டா புரோபாக்ஸ், ஹோண்டா ஃபிட் கார்களின் ஹெட்லைட்டுக்குள் ஈரம் தெரிவதில் அதிசயம் இல்லை. அதற்குச் சொல்லப்படும் வைத்தியங்களில் எது நிற்கும், எது நிற்காது என்பதுதான் கேள்வி.

முதலில் ஈரம் எப்படி இருக்கிறது என்று பாருங்கள். கண்ணாடியில் மெல்லிய ஆவி படிந்து, லைட்டைப் போட்டு வண்டியை ஓட்டியதும் மறைந்தால் அது கோளாறே இல்லை. ஹெட்லைட் காற்றுப் புகாத டப்பா அல்ல. 55 வாட் ஹாலோஜன் பல்ப் எரியும்போது உள்ளே காற்று விரிந்து வெளியேறும். அணைத்தால் வெளிக்காற்றை உள்ளே இழுக்கும். அதற்கென்றே பின்புறம் சின்ன ரப்பர் குழாயோ வடிகட்டித் துண்டோ இருக்கும். அதில் சேறு அடைத்திருந்தால் எடுத்துவிடுங்கள், செலவே இல்லை. ஆனால் துளி துளியாக வழிந்து அடியில் தண்ணீர் தேங்கினால் கசிவு இருக்கிறது. அதை அடைக்காமல் காய வைப்பதெல்லாம் அடுத்த மழை வரைக்கும்தான்.

நான் முதலில் சந்தேகப்படுவது பல்புக்குப் பின்னால் உள்ள ரப்பர் மூடியை. பல்ப் மாற்றும்போது அவசரத்தில் அரைகுறையாக மாட்டிவிடுகிறார்கள். பல்பின் மூன்று பின்களும் ரப்பரின் நடுத்துளை வழியாக முழுசாக வெளியே தெரிய வேண்டும், வெளிவிளிம்பு சுற்றிலும் படிந்து உட்கார வேண்டும். எல்இடி பல்ப் போட்டவர்கள் இன்னும் கவனிக்க வேண்டும். அதன் ஃபேன் இடிக்கிறது என்று மூடியையே கழற்றி எறிந்துவிடுவார்கள். போதாததற்கு, எல்இடியின் சூடு பின்பக்கமாகப் போவதால் கண்ணாடி குளிர்ந்தே இருக்கும். ஆவியும் சீக்கிரம் போகாது.

மூடி சரியாக இருந்தும் நீர் கோத்தால், காய வைப்பதா, சிலிக்கா ஜெல் போடுவதா என்ற பேச்சு வரும். காய வைப்பதே மேல். மூடியைக் கழற்றி ஹேர் டிரையரில் இளஞ்சூடு காட்டலாம். கரண்ட் போய்ப் போய் வருகிற ஊரில், மழை விட்ட நாள் பார்த்து டூமை, அதாவது ஹெட்லைட் முழுவதையும், கழற்றி வெயிலில் வைப்பது இன்னும் சுலபம். சிலிக்கா ஜெல் கொஞ்சம் ஈரத்தை இழுக்கும், அப்புறம் நிறைந்துவிடும்; பல்பின் சூடு பட்டால் இழுத்ததைத் திருப்பியும் விடும். கசிவுள்ள லைட்டுக்கு அது போதாது.

அடியில் ஓட்டை போடுகிற வழக்கமும் உண்டு. ஹெட்லைட்டுக்கு நான் ஒப்பமாட்டேன். முட்டளவு தண்ணீர் நிற்கிற தெருவில், வடிய வேண்டிய ஓட்டை வழியாகவே சேறு உள்ளே ஏறும். பின்பக்க லைட்டின் கதை வேறு. அதன் கண்ணாடியையும் உடலையும் உருக்கி ஒட்டியிருப்பதால் பெரும்பாலும் பிரிக்க முடியாது. சக்கரத் தெறிப்பு படாத தாழ்ந்த மூலையில் சின்னத் துளை போடுவது கடைசி வழி.

நிலைத்து நிற்பது பிரித்து ஒட்டுவதுதான். பழைய ஜப்பான் வண்டிகளில் கண்ணாடியைப் பெரும்பாலும் பியூட்டைல் பசையில் ஒட்டியிருப்பார்கள். திருகுகளையும் கிளிப்களையும் எடுத்துவிட்டு, ஹீட் கன்னால் விளிம்பைச் சுற்றிச் சூடாக்கினால் பசை இளகும். பழையதைச் சுரண்டி எடுத்து, புது பியூட்டைலை இடைவெளி இல்லாமல் வைத்து, சூடாக இருக்கும்போதே அழுத்திப் பிடிக்க வேண்டும். மேலே சிலிகான் பூச வேண்டுமானால் புளித்த வாடை அடிக்கிற வகை வேண்டவே வேண்டாம். அது காயும்போது வெளிவரும் அசிட்டிக் அமில ஆவி ரிஃப்ளெக்டரின் அலுமினியப் பூச்சைக் கெடுத்துவிடும். அந்தப் பூச்சைத் துணியால் துடைப்பதும் கூடாது. பல ஐரோப்பிய வண்டிகளில் பசை சூட்டுக்கு இளகாது, நெம்பினால் கண்ணாடிதான் விரிசல் விடும்.

ரிஃப்ளெக்டர் ஏற்கெனவே கருத்து உரிந்திருந்தால் எந்தப் பசையும் வெளிச்சத்தைத் திருப்பித் தராது, மாற்றத்தான் வேண்டும். மாற்றும்போது ஒரு விஷயம். நாம் 1970 முதல் சாலையின் வலப்பக்கம் ஓட்டுகிறோம். ஜப்பான் லைட்டோ இடப்பக்கம் ஓட்டுபவர்களுக்குச் செய்தது, டிம்மில்கூட அதன் வெளிச்சம் இடப்பக்கம் உயரும். இங்கே அது எதிரே வருகிறவரின் கண்ணில் விழுகிறது. ஃபிட் போல மற்ற நாடுகளில் இடப்பக்க ஸ்டியரிங்கோடும் விற்ற வண்டி என்றால், அந்தச் சந்தைக்கான டூம் உங்கள் மாடலுக்குப் பொருந்துமா என்று கடைக்காரரிடம் கேளுங்கள். எப்படியும் பணம் போடுகிறோம், அதையே வாங்கலாம்.