வெந்தயம் போட்ட ரோமானிய ஒயின்

தெற்கு பிரான்சில் போக்கேர் ஊருக்கு வெளியே இருக்கிறது மாஸ் தே தூரெல் என்ற ஒயின் பண்ணை. ரோமானியர்களின் செய்முறைப்படி மூன்று வகை ஒயின் செய்து விற்கிறார்கள். இதற்காகவே போனேன்.

முதலில் ஊற்றித் தந்தது 'துரிகுலே'. வெந்தயமும் கடல்நீரும் சேர்த்த வெள்ளை ஒயின். கி.பி. முதல் நூற்றாண்டில் விவசாயம் பற்றி எழுதிய கொலுமெல்லாவின் செய்முறை அது. கிளாஸை மூக்கருகே கொண்டுபோனதுமே வெந்தய வாசம். நாக்கில் இனிப்பே இல்லை. அக்ரூட் பருப்பு மாதிரி ஒரு கனம், கடைசியில் லேசான உப்பு. இரண்டாவது மடக்கில்தான் எனக்குப் பிடிபட்டது. மூன்றிலும் இதுதான் உசத்தி என்பேன். தேன் கலந்த 'முல்சும்' யாருக்கும் உடனே பிடித்துவிடும். 'கரேனும்' நல்ல தித்திப்பு, சாப்பாட்டுக்கு அப்புறம் சின்ன கிளாஸ் போதும்.

என்னை அசையவிடாமல் நிறுத்தியது பிழிபொறிதான். கி.மு. 160 வாக்கில் ரோமானிய அரசியல்வாதி கேட்டோ தன் விவசாய நூலில் எழுதிவைத்த மாதிரியில் மறுபடி கட்டியிருக்கிறார்கள். ஒரு முழு அடிமரமே நெம்புகோல். அதன் ஒரு முனை கம்பங்களுக்கு நடுவே மாட்டியிருக்கிறது. மறுமுனையைக் கயிற்றால் உருளையில் சுற்றிச் சுற்றிக் கீழே இழுத்தால், மிதித்த திராட்சை அடியில் நசுங்கிச் சாறு ஓடும். செப்டம்பரில் ரோமானிய உடையில் ஆட்கள் திராட்சை மிதிப்பதையும் பார்க்கலாம்.

இந்தப் பண்ணை இங்கே அமைந்ததற்குக் காரணம் இருக்கிறது. இந்த மத்தியதரைக் கடற்கரைப் பக்கம் திராட்சையை முதலில் வளர்த்தவர்கள் கி.மு. 600 வாக்கில் மார்சேயில் குடியேறிய கிரேக்கர்கள். ரோம் இந்தப் பகுதியைப் பிடித்து, கி.மு. 118-ல் நார்போவில் (இன்றைய நார்போன்) தன் மக்களைக் குடியேற்றியது. அதே காலத்தில் போட்ட தோமிதியா சாலை போக்கேர் வழியாகத்தான் போகிறது. அதன் மைல்கற்கள் ஊருக்கு வெளியே இன்னும் நிற்கின்றன. இத்தாலிய வணிகர்கள் படகிலும் வண்டியிலும் ஒயினைக் கொண்டுவந்தார்கள். ஒரு சாடி ஒயினுக்கு ஓர் அடிமையையே அன்று இங்கே வாழ்ந்த கோல் மக்கள் கொடுத்தார்கள் என்று கிரேக்க வரலாற்றாசிரியர் தியோதோரஸ் எழுதியிருக்கிறார். ஒயினுக்கு மனிதன் விலையாகப் போயிருக்கிறான். கிளாஸைக் கையில் வைத்துக்கொண்டு அதை நினைக்கக் கஷ்டமாக இருந்தது. பிற்பாடு இங்கேயே கொடி நட்டு, இங்கேயே ஆம்போரா சாடிகளும் சுட்டார்கள். அப்படிச் சுட்ட சூளைகள் இருந்த இடம்தான் இந்தப் பண்ணை.

போகிறவர்கள் நேராகச் சுவைபார்க்கும் மேசைக்குப் போய்விடாதீர்கள். பிழிபொறியைப் பார்த்துவிட்டு வாருங்கள். துரிகுலேயை ஒரே மடக்கில் குடித்துவிட்டு முடிவுக்கு வராதீர்கள். கிளாஸைக் கொஞ்ச நேரம் கையிலேயே வைத்திருங்கள்.